மூன்றாவது விளி

மக்கா,

உன் கடிதம் வந்து பதினொரு நாளாகிறது. பதில் எழுத இத்தனை நாளா என்று நினைத்திருப்பாய். நாகர்கோவிலிலிருந்து உன் மாமாவும் இரண்டு கார்டு போட்டுவிட்டான், "யக்கா, பெண் வீட்டுக்காரங்க கேக்காங்க, நான் என்ன சொல்லட்டு?" என்று. ஏழாம் வகுப்போடு நின்றுபோன என் படிப்புக்கு இந்தக் கடிதம் கொஞ்சம் பெரிசுதான். இன்லண்டில் அடங்காது என்று தெரிந்து, சாலைக் கடைத்தெருவுக்குப் போய்க் கோடு போட்ட தாள் ஒரு கட்டு வாங்கி வந்தேன். கடைக்காரர், "என்னம்மா இவ்வளவு தாளு, யாரு மேலயும் கேஸு குடுக்கப் போறியளா?" என்று சிரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். என்மேல் நானே கொடுக்கிற கேஸ் என்று அவரிடம் சொல்லவில்லை.

நீ எழுதியிருந்ததை ஒரு தரம் திருப்பிச் சொல்கிறேன். வடசேரிப் பெண்ணை உனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சின்ன வயதில் உனக்கு இருந்த நோயை மறைத்து நீ தாலி கட்ட மாட்டாய். ஆளில்லாத இடத்தில் ஆள் குரல் கேட்டது, மந்திரவாதி பார்த்தார், டாக்டர் பார்த்தார் என்று எல்லாவற்றையும் பெண் வீட்டில் சொல்லிவிட வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். கடைசியில் சின்ன எழுத்தில், பம்பாயில் இன்றைக்கும் அறையில் தனியாக இருந்தால் ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் உட்காருகிறாய் என்றும், நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதற்கும் இது வருமோ என்று பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை அடுக்களையில் நின்றுகொண்டு படித்தேன். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது, நான் பார்க்கவில்லை. மக்கா, உனக்கு எந்த நோயும் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. இல்லாத நோயை உன் தலையில் கட்டியவள் நான்தான். அது எப்படி என்று சொல்லத்தான் இத்தனை தாள்.

இந்தச் சந்து உனக்குச் சரியாக நினைவிருக்காது. ஏழு வயதில் போனவன், அதற்குப் பிறகு வந்ததெல்லாம் விருந்தாளி மாதிரிதான். காலை ரயிலில் வருவாய், தோசை தின்பாய், உச்சிக்கு முன்னால் ஏதோ ஒரு வேலை சொல்லிக் கிளம்பிவிடுவாய். ஏன் என்று நான் கேட்டதில்லை, கேட்க எனக்கு வாய் இல்லை. பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்பக்கம் சாலைக் கடைத்தெருவுக்குப் போகிற வழியில் இரண்டு ஆள் தோள் உரசாமல் நடக்க முடியாத இந்தச் சந்துக்கு நான் கல்யாணமாகி வந்தபோது, முதல் பத்து நாள் தூக்கமே இல்லை. விடிவதற்கு முன்பே கோயிலில் சிதறு தேங்காய் ஆரம்பித்துவிடும். முதலில் ஒன்று விழும், கொஞ்சம் கழித்து நாலு, பிறகு கணக்கே கிடையாது. ஒவ்வொரு காய்க்கும் நான் திடுக்கிட்டு எழுந்து உட்காருவேன். உன் அப்பா போர்வைக்குள்ளிருந்து சிரிப்பார். "பத்து நாளு போட்டும் பிள்ளே. பின்ன சத்தம் நின்னாத்தான் உனக்கு முழிப்பு வரும், பாத்துக்கோ" என்பார். அவர் விளையாட்டாகச் சொன்னது அப்படியே பலித்தது.

தேங்காய்க்குப் பின்னால் கிழக்கேகோட்டையில் முதல் பஸ் உறுமும், கண்டக்டர் இரட்டை மணி அடிப்பார். அப்புறம் சாலைக் கடைகளுக்கு வரும் லாரிகள், மூட்டைச் சுமடெடுக்கிறவர்களின் "வழி, வழி" என்ற கூப்பாடு, வத்தல் மூட்டை பிரித்தார்கள் என்றால் சந்து முழுக்கத் தும்மல். எதிர் வீட்டில் யாருக்குச் சளி, கோடி வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை, எல்லாம் எனக்கு இருந்த இடத்திலேயே தெரியும். கிராமத்தில் இருக்கிறவர்களுக்குப் பார்க்க ஆயிரம் உண்டு. நடு ஊரில் குடியிருக்கிறவர்களுக்கு ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர், அவ்வளவுதான். இங்கே கண்ணுக்கு வேலை கிடையாது, காதுக்குத்தான். அந்தக் காதை நம்பி உன்னை வளர்த்தேன். அது போதாத ஒரு நாள் வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

நம் வீடும் பக்கத்து வீடும் ஒரு காலத்தில் ஒரே வீடு. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது நடுவே ஒரு செங்கல் கனத்தில் சுவர் எழுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கம் தாணம்மை அக்கா தனியாக இருந்தாள். புருஷன் இறந்த பிறகு முந்திரிக்கொத்துப் பலகாரம் இடித்துச் செய்து சாலைக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைத்தாள். பயறும் தேங்காயும் வறுக்கிற மணம் ஓட்டுக்கு மேலாக வந்துவிடும், நீ அப்போதே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்துகொள்வாய். அக்காவுக்குத் தொண்டை நோவு, சத்தமாகப் பேச முடியாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஏதாவது வேண்டுமென்றால் உலக்கைப் பூணால் சுவரில் மூன்று தட்டுவாள். நான் கரண்டியால் ஒரு தட்டு தட்டிவிட்டு வாசலுக்குப் போவேன். "ஏ பிள்ளே, சூடாட்டு இருக்கு, பயலுக்குக் குடு. நீயும் ரெண்டு தின்னு, எலும்பும் தோலுமாட்டு நிக்கே" என்று இலையில் பொதிந்து தருவாள். எத்தனையோ வருஷத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் என்னை வாயால் விளித்ததே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள், என் தப்புக்கு இது ஒன்றுதான் சாக்கு.

உனக்கு ஏழு வயதான அந்த வருஷம் கோடையில், சந்து முனையில் சுமடெடுக்கிற ஒருத்தர் மூட்டையோடு சரிந்து விழுந்து அங்கேயே போய்விட்டார். உச்சி வெயில் நேரம். அதற்குப் பிறகு சந்தில் ஒரு பேச்சு கிளம்பியது. உச்சிப்பொழுதில் யாரோ விளிக்கிறார்கள், வாசலில் போய்ப் பார்த்தால் ஆள் இல்லை என்று எதிர் வீட்டில் சொன்னார்கள், தெருக்குழாயடியில் சொன்னார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று உன் அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் ஊரிலும் இந்தச் சந்திலும் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. செத்தவர்கள் இரண்டு தரம்தான் விளிப்பார்கள், அதற்கு விளி கேட்டால், என்ன என்று பதில் குரல் கொடுத்தால், கூடவே போக வேண்டியதுதான். மூன்றாவது விளி மனிதரால் மட்டும்தான் முடியும். அதனால் யார் விளித்தாலும் வாயைத் திறக்காமல் மூன்று வரை எண்ண வேண்டும். அந்தக் கோடையில் சந்து முழுக்க எண்ணிக்கொண்டிருந்தது. உன் அப்பா பேப்பர் படிக்கும்போது பத்தாவது விளிக்கும் திரும்ப மாட்டார், அது வேறு. ஆனால் நான் உனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன், நீ விரல் மடக்கி எண்ணிக் காட்டுவாய்.

அப்போதுதான் அந்த ஹர்த்தால் வந்தது. எதற்காக என்று எனக்கு இப்போது நினைவில்லை. உன் அப்பா முந்தின நாள் ஆபீஸ் காரியமாகக் கொல்லம் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். நானும் நீயும்தான் வீட்டில். காலையில் விழித்தபோது ஏதோ சரியில்லை என்று பட்டது, என்ன என்று பிடிபடவில்லை. பஸ் இல்லை, லாரி இல்லை, சாலையில் ஒரு கடை திறக்கவில்லை. கோயிலில்கூட எப்போதோ ஒரு காய் விழுந்தது, அடுத்த காய்க்கு நான் காத்துக்கொண்டே இருந்தேன். வெயில் ஏற ஏற அந்த அமைதி கூடிக்கொண்டே போனது. நான் முறத்தில் அரிசி புடைத்தால் அந்தச் சத்தம் சந்து முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்த மாதிரி இருந்தது. வெட்கமாகக்கூட இருந்தது, ஊருக்கே கேட்குமே என்று முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். நீ தரையில் தீப்பெட்டிகளை வரிசையாக வைத்து ரயில் விட்டுக்கொண்டிருந்தாய். நீயும் அன்றைக்கு வாயால் கூ என்று ஊதவில்லை.

உச்சி நேரம். ஜன்னல் வெயில் சுவரோரம் போய் நின்றிருந்தது. அப்போது, "பிள்ளே" என்று ஒரு குரல்.

உரத்த குரல் இல்லை, மக்கா. நீளமாக, காற்றில் இழுத்த மாதிரி. இத்தனை வருஷம் சத்தத்துக்குள் வாழ்ந்த காது அந்த அமைதியில் எனக்கு உதவவில்லை. சந்திலிருந்து வந்ததா, ஓட்டுக்கு மேலிருந்து வந்ததா, என் முதுகுக்குப் பின்னாலிருந்தே வந்ததா என்று தெரியவில்லை. நீ உடனே தலையைத் தூக்கினாய். "அம்மா, தாணம்மக்கா விளிக்கா" என்று எழுந்து வாசலுக்கு ஓடினாய். நான் பாய்ந்து உன்னைப் பிடித்து, மடியில் இழுத்துப் போட்டு, வாயைப் பொத்தினேன். "பேசப்பிடாது மக்கா, மூணாம் விளி வரட்டு" என்று உன் காதில் சொன்னேன். உன் மூச்சு என் உள்ளங்கையில் சூடாகப் பட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "பிள்ளே." முதலில் வந்ததைவிட மெலிந்த குரல். நீ இரண்டாவது விரலை மடக்கினாய். நான் மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அப்பாடா என்று இருந்தது. என் பிள்ளையை நான் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமையாக இருந்தது. உப்பும் மிளகாயும் எடுத்து உன்னை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டேன். கதவைத் தாழ் போட்டுவிட்டு, உன்னைக் கட்டிக்கொண்டு படுத்துத் தூங்கியும்விட்டேன். சுவருக்குப் போய்க் கரண்டியால் ஒரு தட்டு தட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு தட்டு, மக்கா. இருபது வருஷமாக அந்தக் கரண்டி என் கண்ணெதிரேதான் தொங்குகிறது.

மறுநாள் ஊர் பழையபடி இரைந்தது. உலக்கைச் சத்தம் மட்டும் வரவில்லை, அது எனக்கு உறைக்கவே இல்லை. பத்து மணி வாக்கில் முந்திரிக்கொத்து வாங்க வந்த கடைக்காரர் பக்கத்துக் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, ஆளைக் கூட்டி ஓட்டைப் பிரித்து இறங்கினார். அக்கா அடுக்களைத் தரையில் கிடந்தாள். எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கி இடுப்பு முறிந்திருந்தது. கை நம் சுவர்ப் பக்கம் நீண்டிருந்தது. உலக்கை எட்டாத தூரத்தில் உருண்டு போயிருந்தது. உலக்கை எட்டாததால்தான் அவள் வாயைத் திறந்து விளித்திருக்கிறாள். அந்தத் தொண்டையில் இரண்டு விளிக்கு மேல் வரவில்லை. பார்க்க வந்த டாக்டர், நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும், யாராவது கேட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று மலையாளத்தில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

சந்து முழுக்க வாசலில் நின்றது. நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். திடீரென்று எல்லாருக்கும் கேட்கும்படி, "நேத்து அக்கா விளிச்சா. ரெண்டு வட்டம் விளிச்சா. நான் கேட்டேன்" என்றாய். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "அப்பிடியா பிள்ளே?" என்று எதிர் வீட்டுக்காரி கேட்டாள். ஒரு நொடிதான். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்தச் சந்தில் என்னோடு யார் தண்ணீர் பிடிப்பார்கள், யார் முகம் கொடுப்பார்கள் என்று பயந்தேன். அதைவிட, சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன். "பிள்ளைக்கு நேத்துலேருந்து காய்ச்சலு. என்னமோ உளறுகான். நான் வீட்டுலதானே இருந்தேன், ஒரு சத்தமும் கேக்கல்ல" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நீ என்னை அண்ணாந்து பார்த்தாய். கோபம் இல்லை, ஆச்சரியம்தான். அம்மா பொய் சொல்வாள் என்று உனக்குத் தெரியாது. அதனால் தப்பு உன் காதில்தான் இருக்க வேண்டும் என்று அந்த வயதில் நீயே முடிவு செய்துகொண்டாய்.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? செத்தவள் குரல் அந்தப் பிள்ளைக்குக் கேட்டதாம், பிள்ளைக்குப் பேடி தட்டிவிட்டதாம், பயம் பிடித்துவிட்டதாம் என்று ஆரம்பித்தது. பக்கத்து வீட்டைப் பூட்டினார்கள். சாலைக் கடைகள் அடைத்துக் கிடக்கிற ஞாயிற்றுக்கிழமை உச்சியில், சாப்பிட்டுக்கொண்டிருந்த நீ கையை நிறுத்திவிட்டு, "அம்மா, உன்னய விளிக்கா" என்றாய். அடுத்த ஞாயிறும் சொன்னாய். அதற்கடுத்த ஞாயிறு சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே அழுதாய். உன் அப்பா பயந்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் கொடுத்த மருந்தில் நீ பகலெல்லாம் தூங்கினாய், பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் தலை சாய்ந்து கிடந்தாய் என்று டீச்சர் சொல்லி அனுப்பினாள். அப்புறம் ஊரிலிருந்து ஒரு மந்திரவாதியை வரவழைத்தோம்.

அது உனக்கு நினைவிருக்கும், மந்திரவாதி பார்த்தார் என்பதற்கு மேல் நீ எழுதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை. கதவு ஜன்னல் எல்லாம் அடைத்து, யாரும் மூச்சு விடக் கூடாது என்று சொல்லி, உன்னை அந்தச் சுவருக்கு எதிரே உட்கார வைத்தார். கையில் பிரம்பு. "கேக்கா? சொல்லு, கேக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் ஒரு அடி. நான் உனக்கு நேர் எதிரே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அப்போது என் முதுகுக்குப் பின்னால், செங்கலுக்கு அந்தப் பக்கம், "பிள்ளே" என்று வந்தது. நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய். இரண்டு பேருக்கும் கேட்டது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். நீ பிரம்பைப் பார்த்து, "கேக்கல்ல. நான் ஒண்ணும் கேக்கல்ல" என்றாய். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். உன் அப்பா தட்சிணை கொடுத்தார். நானும், "பாத்தியளா, பிள்ளைக்குச் சொகமாயிற்று" என்றேன்.

மக்கா, இதைக் கவனமாகப் படி. நீ கேட்ட ஒவ்வொரு தடவையும் நானும் கேட்டேன். முதல் நாள் கேட்டேன், அந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் கேட்டேன். உனக்குக் காதில் கோளாறு என்றால் எனக்கும் கோளாறு. அந்த ஞாயிறுகளில் உன் அப்பாவுக்குக் கேட்கவில்லை, எதிர் வீட்டுக்காரிக்குக் கேட்கவில்லை. விளித்தது என்னை, வாய் பொத்தப்பட்டவன் நீ. அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. அது என்ன, ஆவியா, நம் மனசா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. இரண்டு பேர் ஒன்றாகக் கேட்டதை ஒருத்தன் தலையில் மட்டும் நோயாகக் கட்டியது பாவம் என்பது மட்டும் தெரியும். சொகமாயிற்று என்று சொன்ன பிறகும் நீ ஞாயிற்றுக்கிழமைகளில் வெளுத்துப் போவதைப் பார்க்க முடியாமல்தான் உன்னை மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டோம். உன் நன்மைக்கு என்று எல்லாரிடமும் சொன்னேன். உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது என்பதுதான் நிஜம். தம்பானூரில் ரயில் கிளம்பும்போது, "நான் இனி கேக்க மாட்டேன் அம்மா, என்னய அனுப்பாதே" என்றாய்.

பேரூர்க்கடைப் பக்கம் தோட்டத்தோடு ஒரு வீடு வாங்கலாம், காற்றோட்டமாக இருக்கும் என்று உன் அப்பா கடைசி வரை கேட்டார். நீயும் இரண்டு தரம் எழுதினாய். இந்த நெருக்கடியிலும் புகையிலும் அப்படி என்ன இருக்கிறது என்று நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கேலி செய்தீர்கள். இங்கே சத்தம் இருக்கிறது, மக்கா. வாரத்தில் ஆறு நாள் பஸ்ஸும் லாரியும் தேங்காயும் என்னைக் காப்பாற்றுகின்றன. ஞாயிற்றுக்கிழமை ரேடியோ. ஆனால் சில சமயம் அரைத்துக்கொண்டே இருக்கும்போது கை நின்றுவிடும். அவள் தினமும் விளிக்கிறாளோ, இந்த இரைச்சலில் நமக்குத்தான் கேட்பதில்லையோ என்று நினைப்பேன். பிறகு இன்னும் வேகமாக அரைப்பேன். உன் அப்பா போய் மூன்று வருஷமாகிறது. அவரிடமும் நான் சொல்லவில்லை.

போன வாரம் ஒரு பந்த். உன் கடிதம் வந்து நாலாவது நாள். பக்கத்து வீடு இப்போது ஒரு கடையின் குடோன், வத்தல் மூட்டை ஓடு வரைக்கும் அடுக்கியிருக்கிறது. முந்தின நாள் சாயங்காலமே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன். காலையிலிருந்து ரேடியோவைப் போடவில்லை. சோறு வடித்து வைத்துவிட்டு, கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஊர் அன்றைக்குப் போலவே அடங்கிக் கிடந்தது. வெயில் மெதுவாக நகர்ந்து சுவரோரம் போய் நின்றது. என் வயதைப் பார், எனக்குக் காது கொஞ்சம் மந்தம்தான் இப்போது. ஆனாலும் கேட்டது. "பிள்ளே." அதே குரல், ஒரு நாள்கூட வயதாகவில்லை.

முதல் விளிக்கே விளி கேட்டேன். "யக்கா, நான் இங்கதான் இருக்கேன். இன்னா வாறேன்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. இதோ கூட்டிக்கொண்டு போகப் போகிறாள், போகட்டும் என்று இருந்தேன். இரண்டாவது விளி வரவில்லை. ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் சுவரில் மூன்று தட்டு. பூண் போட்ட உலக்கையின் தட்டு, மூட்டை சரிந்த சத்தமோ எலியோ இல்லை, அந்தத் தட்டை எனக்குத் தெரியும். நான் கரண்டியால் ஒரு தட்டு தட்டினேன். பிறகு எழுந்து வாசலுக்குப் போய்ப் பக்கத்துக் கதவைப் பார்த்தேன். பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கையை நீட்டிக்கொண்டே நின்றேன், இலைப்பொதி வாங்குகிறவள் மாதிரி. எதிர் வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என்ன நினைத்தாளோ.

அந்த எதிர் வீட்டுக்காரியிடமே சொல்லிவிட்டேன், மக்கா. அப்போதே, வாசலில் நின்றபடியே, அன்றைக்கு நீ சொன்னது நிஜம் என்றும் நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். "எனக்கும் அன்னைக்கு என்னமோ கேட்டது பிள்ளே. நானும் மூணாவதுக்கு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். எத்தனை வீட்டில் எத்தனை பேர் அன்றைக்கு விரலை மடக்கிக்கொண்டு இருந்தார்களோ, யாருக்குத் தெரியும்.

பெண் வீட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டாயே. உன் நோயைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம், அப்படி ஒன்று கிடையாது. நான் செய்ததைச் சொல். மாமாவுக்கும் இதில் ஒரு நகல் எழுதி அனுப்புகிறேன், அவன் அவர்களிடம் படித்துக் காட்டட்டும். பொய் சொன்ன மாமியார் வேண்டாம் என்றால் அது நியாயம், நான் தாலிகட்டுக்குப் பின்வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன். அந்தப் பெண்ணிடமும் நீயே சொல். பம்பாயில் வீடு பார்க்கும்போது பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்கள் எப்படி இருமுவார்கள், எப்படிக் கூப்பிடுவார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள். உன் பெண்டாட்டி கூப்பிட்டால் முதல் தடவையே என்ன என்று கேள், உன் அப்பாவை மாதிரி பேப்பருக்குள் ஒளிந்துகொள்ளாதே. உன் பிள்ளை யாரோ விளிக்கிறார்கள் என்று சொன்னால் அதன் வாயைப் பொத்தாதே. கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போய்ப் பார். யாரும் இல்லையென்றால் திரும்பி வந்துவிடலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் இந்த வீட்டுக்கு வா. உச்சிக்கு முன்னால் ஓடாதே, என்னோடு உட்கார்ந்து சோறு தின்னு. சுவருக்கு இந்தப் பக்கம் இப்போது நானும் தனியாகத்தான் இருக்கிறேன். அடுக்களைத் தரை எனக்கும் வழுக்குகிறது. நீ இங்கிருந்து போன நாளிலிருந்து உன்னை நான் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை, கூப்பிட எனக்கு உரிமை இல்லை என்றிருந்தேன். இப்போது கூப்பிடுகிறேன், மக்கா. மூன்று தரம் கூப்பிட எனக்கும் தொண்டையில்லை.

இப்படிக்கு,
அம்மா